கோரையும் கீர்த்தியும்

எங்கள் சங்கரன்கோவில் வட்டாரத்தில் ஒரு திருமணம் நிச்சயமானால், நகையும் துணியும் பாத்திரமும் வாங்கும் பட்டியலோடு ஒரு பாயும் சேர்ந்துகொள்ளும். அது சந்தையில் சுருட்டி நிறுத்தியிருக்கும் பாய்களுள் ஒன்றன்று. முன்கூட்டியே சொல்லிவைத்து, மணமகன் பெயரும் மணமகள் பெயரும் கோரையிலேயே எழுத்தாக நெய்யப்பட்டு வரும் பத்தமடைப் பாய். முஸ்லிம் வீடுகளில் மட்டுமின்றி இந்து வீடுகளிலும் இவ்வழக்கம் உண்டு. வேட்டியும் சேலையும் பழையதாகிக் கிழிந்த பின்னரும், அந்தப் பாய் பெட்டியின் அடியில் மடிந்து கிடக்கும். பேரப் பிள்ளைகள் எடுத்து விரித்து, பாட்டனார் பெயரை எழுத்துக் கூட்டிப் படிப்பதும் உண்டு.

அந்தப் பாயில் இரண்டு பெயர்கள் இருக்கின்றன. ஆனால் அதை நெய்தவரின் பெயர் இல்லை. இந்தச் சிறு செய்தியே இக்கட்டுரைக்குத் தூண்டுதல்.

இன்று உலகின் பெருநகரங்களில் வீட்டுப் பொருள்களை விற்கும் நிறுவனங்கள் பல, "ஆசியக் கைவினை மரபிலிருந்து பிறந்தவை எங்கள் பொருள்கள்" என்று பெருமையுடன் விளம்பரம் செய்கின்றன. பாய், விரிப்பு, கூடை, திரை, தலையணை உறை ஆகிய யாவற்றுக்கும் ஒரு பாரம்பரியக் கதை சொல்லப்படுகிறது. அக்கதையில் நிறுவனம் தொடங்கிய ஆண்டு இருக்கும். தொடங்கியவரின் பெயர் இருக்கும். பாரம்பரியம் என்பது உண்மையில் யாருடையது? நெய்தவருடையதா, விற்றவருடையதா? நம் அண்டை ஊராகிய பத்தமடையை ஒரு கண்ணிலும், கடல் கடந்த கடைகளை மறு கண்ணிலும் கொண்டு இவ்வினாவை ஆராய்வோம்.

ஊரும் மக்களும்

திருநெல்வேலியிலிருந்து சேரன்மகாதேவி வழியாக அம்பாசமுத்திரம் செல்லும் சாலையில் உள்ளது பத்தமடை. தாமிரபரணிப் பாசனத்தால் செழித்த வயல்கள் சூழ்ந்த ஊர். சுவாமி சிவானந்தர் 1887-இல் பிறந்த ஊர் என்பதால் ஆன்மிக உலகிலும் இதன் பெயர் அறியப்பட்டது. ஆயினும் சாமானிய மக்களுக்குப் பத்தமடை என்றவுடன் நினைவுக்கு வருவது பாய்தான்.

இப்பாயை நெய்து வருவோர் அவ்வூர் முஸ்லிம்கள். லெப்பைமார் என்று வழங்கப்படுவோர். தமிழகத்து லெப்பைமாரின் தொழில்களை எண்ணும்போது, கடல் வாணிகம், தோல், வெற்றிலைக் கொடிக்கால், நெசவு என்று சொல்லி வருவோர் பாய் முடைதலையும் தவறாமல் சேர்ப்பர். வேலூர் மாவட்டம் முதல் நெல்லை வரை பல ஊர்களில் இத்தொழில் அவர்கள் கையில் இருந்திருக்கிறது. எனினும் நயத்தில் பத்தமடையை விஞ்சிய ஊர் இல்லை எனலாம்.

இத்தொழில் இச்சமுதாயத்தின் கையில் வேர்விட்டதில் வியப்பில்லை. பாய் நம் வாழ்வோடு ஒட்டிய பொருள். பள்ளிவாசலில் தொழுகை வரிசைக்குப் பாய். வீட்டில் முஸல்லாவாகச் சிறு பாய். கந்தூரியிலும் வலீமாவிலும் சஹனைச் சுற்றி அமர்ந்துண்ணப் பந்திப்பாய். மதரஸாவில் ஓதும் பிள்ளைகளுக்கு ஓலைப்பாய். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் திருமேனியில் பாயின் தழும்பு பதிந்திருந்ததைக் கண்டு உமர் (ரலி) அவர்கள் கண்கலங்கிய செய்தி ஹதீஸ்களில் வருகிறது. எளிமையின் அடையாளமாகிய அந்தப் பாயையே பட்டுக்கு நிகராக்கிக் காட்டியவர்கள் பத்தமடை மக்கள்.

கோரை பட்டான வரலாறு

ஆற்றங்கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் தானே முளைக்கும் புல் கோரை. உழவனுக்கு அது களை. நெசவாளிக்கு அது முதல். பச்சையாக இருக்கும்போதே அறுத்து, தண்டைக் கீறி வகிர்ந்து, வெயிலில் உலர்த்துவார்கள். சாதாரணப் பாய்க்கு இவ்வளவே போதும். பட்டுப்பாய்க்கு இதன் பின்னரே உண்மையான வேலை தொடங்குகிறது.

உலர்ந்த கோரையைக் கட்டுக் கட்டாக ஓடும் நீரில் அமிழ்த்தி, ஏறத்தாழ ஒரு வாரம் ஊறவிடுவார்கள். நீரைக் குடித்துக் குடித்துக் கோரை பன்மடங்கு பருக்கும். பின் அதை எடுத்து மீண்டும் உலர்த்தி, உள்ளிருக்கும் சோற்றை நீக்கி, மேல்தோலை மட்டும் நூலினும் மெல்லிய இழையாகக் கிழிப்பார்கள். ஒரே தண்டிலிருந்து எத்தனை இழை எடுக்க முடியும் என்பது கத்தியைப் பொறுத்ததன்று. பிடித்திருக்கும் விரலைப் பொறுத்தது. ஊறவைத்தால் கோரை இவ்வளவு நுண்மைக்கு இடம்கொடுக்கும் என்று முதலில் கண்டவர் யாராயினும், அவர் ஒரு பெரிய கண்டுபிடிப்பாளர் என்பதில் ஐயமில்லை.

முற்காலத்தில் சாயத்துக்குச் சப்பங்கி மரக்கட்டை முதலிய இயற்கைப் பொருள்களே பயன்பட்டன. பிற்காலத்தில் கடைச் சாயங்கள் வந்து சேர்ந்தன. சிவப்பும் பச்சையும் கருப்பும் கோரையின் இயற்கையான வெளிர்மஞ்சளோடு கூடி வரும் அழகே பத்தமடைக்கு உரிய அழகு.

தறி, தரையோடு தரையாகக் கிடப்பது. மூங்கில் கழிகளுக்கிடையே பருத்தி நூலைப் பாவாக இழுத்துக் கட்டி, நெசவாளி குந்தியிருந்து நெய்ய வேண்டும். ஊடிழைக்கு நாடா ஓடுவதில்லை. ஒவ்வொரு கோரை இழையையும் நீண்ட குச்சியில் கோத்துப் பாவுக்குள் செலுத்தி, பண்ணையால் அடித்து நெருக்க வேண்டும். பாவின் நெருக்கத்தை எண்ணால் குறிப்பது வழக்கம். சாதாரணப் பாயின் எண் ஐம்பதை ஒட்டி நிற்க, பட்டுப்பாயின் எண் நூறைத் தாண்டும். 140 வரை செல்வதும் உண்டு. அத்தகைய பாயைக் கைக்குட்டைபோல் மடிக்கலாம். மடித்த இடத்தில் கோரை முறிவதில்லை. நெய்து முடித்த பின் ஈரமாக்கி, தேய்த்து மெருகேற்றி, ஓரம் கட்டினால்தான் வேலை நிறைவுறும். இப்படி ஒரு பாய் முடிய வாரங்கள் பல ஆகும்.

1953-இல் இரண்டாம் எலிசபெத் அரசியாரின் முடிசூட்டு விழாவுக்குப் பத்தமடைப் பாய் பரிசாக அனுப்பப்பட்டது என்பதை இவ்வூரார் இன்றும் பெருமையோடு சொல்வர். அரண்மனைக்குச் சென்ற பாயை நெய்தவர் திரும்பி வந்து அமர்ந்த இடம் அதே மண் தரைதான்.

லண்டனில் ஒரு கீழைநாட்டுக் கடை

இனிக் கடல் கடந்து செல்வோம். 1851-இல் லண்டன் மாநகரில் நடந்த பெரும் பொருட்காட்சியில், இந்தியப் பொருள்களைக் கிழக்கிந்தியக் கம்பெனி காட்சிக்கு வைத்தது. இயந்திரங்களின் வலிமையைக் கொண்டாட வந்த ஐரோப்பியர், நம் நாட்டுத் துணியின் நிறப் பொருத்தத்தையும் வேலைப்பாட்டின் அடக்கத்தையும் கண்டு திகைத்தனர். கட்டடக் கலைஞர் ஓவன் ஜோன்ஸ், 1856-இல் வெளியிட்ட அலங்காரக் கலை பற்றிய தம் நூலில், இந்திய வேலைப்பாட்டை மேல்நாட்டாருக்குப் பாடமாகவே காட்டினார். அதே காலத்தில் லங்காஷயர் ஆலைத் துணி நம் தறிகளை முடக்கிக்கொண்டிருந்தது என்பதையும் மறக்கலாகாது. ஒரு கை பாராட்டியது. மறு கை பிழைப்பைப் பறித்தது.

இந்தச் சூழலில்தான் ஆர்தர் லிபர்ட்டி என்னும் வணிகர் தோன்றினார். கீழைநாட்டுப் பொருள் விற்கும் ஒரு கடையில் பணியாற்றி அனுபவம் பெற்ற அவர், மாமனாரிடம் 2,000 பவுன் கடன் வாங்கி, 1875-இல் ரீஜண்ட் வீதியில் தம் சொந்தக் கடையைத் திறந்தார். அதற்கு அவர் இட்ட பெயர் "கிழக்கிந்திய இல்லம்". பட்டு, விரிப்பு, பீங்கான், விசிறி எனக் கிழக்கே பிறந்த பொருள்களால் கடை நிறைந்தது. லண்டன் நடுத்தர வகுப்பின் வரவேற்பறை ஆசியக் கோலம் பூண்டது. லிபர்ட்டியின் பெயரே ஒரு கலைப்பாணியின் பெயராயிற்று. இத்தாலியர் அக்காலத்துப் புதுக்கலையை "லிபர்ட்டி பாணி" என்றே அழைத்தனர்.

1885-இல் லிபர்ட்டி நிறுவனம் ஒரு புதுமை செய்தது. லண்டன் பேட்டர்சியில் "இந்தியக் கிராமம்" ஒன்றை அமைத்து, நாற்பதுக்கும் மேற்பட்ட இந்தியரை வரவழைத்து, நெசவும் பிற தொழில்களும் செய்யவைத்து, கட்டணம் வாங்கிக் காட்டியது. காட்சி எதிர்பார்த்த வருவாய் தரவில்லை. வந்தவர்கள் லண்டன் குளிரில் வாடினர். ஒப்பந்தத்தில் சொன்னபடி நடக்கவில்லை என்ற முறையீடுகளும் எழுந்தன. கடை நிலைத்தது, 1924-இல் எழுப்பிய புதிய கட்டடத்தில் இன்றும் நடக்கிறது. அக்கடையின் வரலாற்றைச் சொல்வோர் லிபர்ட்டியை நினைவுகூர்வர். குளிரில் நடுங்கியவர்களை யார் நினைவுகூர்வார்?

லிபர்ட்டியை மட்டும் குறைகூறுவது நம் நோக்கமன்று. கைவேலையை மதித்த கண் அவருக்கு இருந்தது. ஆலைச் சரக்கின் அலங்கோலத்துக்கு நடுவே நல்ல பொருளைத் தேடிப் பிடித்தார். ஆனால் அவர் வாங்கியது பொருளை, தேடியது பாணியை. பாணியைக் கற்றுக்கொண்ட பின் அதை இங்கிலாந்திலேயே சாயமேற்றி அச்சிட்டு விற்க முடிந்தது. கைவினைஞனின் அறிவு சரக்கோடு கப்பலேறிவிட்டால், அடுத்த கப்பலில் கைவினைஞனுக்கு வேலை வரும் என்பது உறுதியில்லை.

விடுதலைக்குப் பின்

நாடு விடுதலை அடைந்ததும் இந்நிலையை மாற்ற முயன்றோருள் முதலிடம் கமலாதேவி சட்டோபாத்யாயருக்கு உரியது. 1952-இல் அமைந்த அகில இந்தியக் கைவினைப் பொருள் வாரியத்தின் தலைமையேற்று, ஊர் ஊராகச் சென்று அழியும் தொழில்களைத் தேடினார் அவர். அரசின் அழைப்பில் வந்த அமெரிக்க வடிவமைப்பாளர் சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியர், 1958-இல் அளித்த அறிக்கையில் நம் வீட்டுச் செம்பை எடுத்துக்காட்டி வியந்தனர். யாரோ ஒருவர் வரைந்த வடிவமன்று அது. பல தலைமுறையினர் பழகிப் பழகிச் செப்பமிட்ட வடிவம் என்றனர். நம் பாய்க்கும் அது பொருந்தும். தமிழ்நாட்டில் 1973-இல் கைவினைப் பொருள் வளர்ச்சிக் கழகம் தோன்றி, "பூம்புகார்" என்னும் பெயரில் விற்பனை நிலையங்களைத் திறந்தது. பத்தமடைப் பாய் அங்கே கண்ணாடிப் பேழைக்குள் ஏறியது.

தனியார் துறையிலும் ஒரு முயற்சி பிறந்தது. ஃபோர்டு அறக்கட்டளையின் உதவியில் 1958-இல் இந்தியா வந்த ஜான் பிஸெல் என்ற அமெரிக்கர், குடிசைத் தொழில் நிறுவனத்துக்கு ஆலோசகராக இருந்து, பின் 1960-இல் "ஃபேப் இந்தியா"வைத் தொடங்கினார். கைத்தறி விரிப்பையும் திரைத்துணியையும் ஏற்றுமதி செய்வதே அதன் முதல் வேலை. டெரன்ஸ் கான்ரன் 1964-இல் லண்டனில் திறந்த "ஹாபிடாட்" என்னும் வீட்டுப் பொருள் கடை அதன் பெரிய வாடிக்கையாயிற்று. 1976-இல் தில்லியில் சில்லறைக் கடை திறந்து, நம் நாட்டவருக்கே நம் துணியை விற்கத் தொடங்கியது ஃபேப் இந்தியா.

இவ்விரு நிறுவனங்களின் பிற்கால வரலாறு நாம் எடுத்துக்கொண்ட வினாவுக்கு நல்ல விளக்கம். ஹாபிடாட் 1992-இல் கைமாறியது. 2011-இல் நொடித்து, பெரும்பாலான கடைகள் மூடப்பட்டன. ஆனால் அதன் பெயரை வேறொரு நிறுவனம் விலைக்கு வாங்கிக்கொண்டது. கடை போயிற்று, ஆள் போயினர், பெயர் மட்டும் விலை போயிற்று! பாரம்பரியம் என்று வணிகர் சொல்வது பெரும்பாலும் இத்தகைய பெயரையே. ஃபேப் இந்தியாவோ, 2007-ஆம் ஆண்டை ஒட்டி, கைவினைஞரும் பங்குதாரராகும் வட்டாரக் கம்பெனிகளை அமைத்தது. 2022-இல் பங்கு வெளியீட்டுக்கு விண்ணப்பித்தபோது, நிறுவனர் குடும்பத்தார் உள்ளிட்டோர் தம் பங்குகளில் 7 லட்சத்துக்கும் மேற்பட்டவற்றைக் கைவினைஞர்க்கும் உழவர்க்கும் அளிக்கப்போவதாக அறிவித்தனர். 2023-இல் அவ்வெளியீடு கைவிடப்பட்டது. முயற்சி முழுமை பெறாவிட்டாலும், கீர்த்தியில் மட்டுமன்றி உடைமையிலும் நெய்தவனுக்குப் பங்கு உண்டு என்ற எண்ணம் வணிக உலகில் ஏட்டில் ஏறியது ஒரு முன்னேற்றமே.

ஊருக்குக் கிடைத்த பெயர்

பத்தமடைக்குக் கிடைத்தது வேறு வகை உரிமை. 1999-இல் இயற்றப்பட்டு 2003-இல் நடைமுறைக்கு வந்த புவிசார் குறியீட்டுச் சட்டத்தின்கீழ், இந்நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டில் பத்தமடைப் பாய் பதிவு பெற்றது. இச்சட்டம் பெயரை ஒரு வணிகனுக்குக் கொடுக்கவில்லை, ஊருக்குக் கொடுத்தது. வேறோர் ஊரில் நெய்த பாயைப் பத்தமடைப் பாய் என்று விற்பது குற்றம். ஹாபிடாட்டின் பெயரை விலைக்கு வாங்க முடிந்தது. பத்தமடையின் பெயரை எந்தக் கோடீசுவரரும் வாங்க முடியாது. லிபர்ட்டி காலத்துக்கும் நம் காலத்துக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

ஆனால் பெயர் அடுப்பெரிக்குமா? இதையும் நேர்மையாகக் கேட்க வேண்டும். நெகிழிப் பாய் வந்து ஏழை வீட்டுச் சந்தையைப் பிடித்துக்கொண்டது. விசைத்தறியில் நெய்த கோரைப்பாய் நடுத்தர வீட்டைப் பிடித்தது. கட்டிலும் மெத்தையும் மற்றவர்களைக் கொண்டு சென்றன. மிஞ்சியிருப்பது திருமணப் பாயும், பரிசுப் பாயும், பொருட்காட்சிப் பாயும். ஆற்றங்கரைக் கோரையும் முன்போல் கிடைப்பதில்லை. இன்று நெய்வோருள் பெரும்பாலோர் பெண்கள். குந்தியிருந்து முதுகு நோக, கண் நோக வாரக்கணக்கில் நெய்த பாய்க்குக் கிடைக்கும் கூலியை நாள்கணக்கில் வகுத்துப் பார்த்தால், வேறு எந்த வேலைக்கும் அது ஈடாவதில்லை என்பதே அவர்களது குறை. அரசின் விருது பெற்ற கைகளும் அவற்றுள் உண்டு. அந்தக் கையின் நுட்பத்தை மகளுக்குக் கற்றுக்கொடுக்கத் தாய் தயங்குகிறாள். அவளைக் குறைசொல்ல நமக்கு என்ன உரிமை?

தறி நின்றால் என்ன ஆகும் என்பது இவ்வட்டாரத்தாருக்குப் புதிதன்று. கடையநல்லூர், தென்காசிப் பகுதி முஸ்லிம் நெசவாளர் குடும்பங்கள், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கப் பகுதியில் தொழில் நலிவால் ஊரை விட்டுச் சிங்கப்பூர் சென்றன. ஆண்கள் மட்டுமல்லர், மனைவி மக்களோடு சென்றனர். 1941-இல் அங்கே கடையநல்லூர் முஸ்லிம் லீக் என்னும் சங்கத்தையே நிறுவினர். அங்கு அவர்கள் உழைத்து உயர்ந்தது பெருமைக்குரியது. ஆயினும் அவர்கள் கையோடு சென்ற நெசவு அங்கே வேர்விடவில்லை. மனிதன் வேறு நாட்டில் பிழைத்துக்கொள்வான்; கைத்தொழில் தன் மண்ணையும் நீரையும் விட்டால் பிழைப்பதில்லை. எங்கள் சங்கரன்கோவிலிலும் கைத்தறி ஓசை ஒலித்த தெருக்களில் இன்று விசைத்தறி ஓசையே மேலோங்கிக் கேட்கிறது.

செய்யத் தக்கது

ஆகவே பழம்பெருமை பேசி முடிப்பதில் பயனில்லை. நம்மால் ஆவன சில உண்டு. திருமணத்துக்குப் பாய் வாங்குவோர் இடைத்தரகரை விட்டு, நெய்வோரின் சங்கத்திலோ வீட்டிலோ நேரே சொல்லிவைக்கலாம். விலை கேட்டவுடன் "புல்லுக்கா இவ்வளவு?" என்று வியக்காமல், அதில் அடங்கிய நாள்களை எண்ணிப் பார்க்கலாம். நம் பள்ளிவாசல்களும் மதரஸாக்களும் இயன்ற அளவு கோரைப்பாயை விரிக்கலாம். உழைப்பவனின் கூலியைத் தாழ்த்தாமல் கொடுக்குமாறு பெருமானார் (ஸல்) அவர்கள் பணித்திருக்க, கூலியைக் குறைத்துப் பேரம் பேசி வாங்கிய பாயில் நின்று தொழுவது பொருந்துமா என்று நாமே நம்மைக் கேட்டுக்கொள்ளலாம்.

இன்னொன்றும் செய்யலாம். மணமக்கள் பெயரை நெய்யும் அந்தப் பாயின் ஓரத்தில், ஒரு விரற்கடை அளவில், நெய்தவரின் பெயரையும் நெய்யச் சொல்லலாம். அதற்குக் கூடுதலாகும் கோரை அதிகமில்லை. கூடுதலாகும் உழைப்பும் சிறிதே. ஆனால் நாளை நம் பேரப் பிள்ளைகள் பெட்டியைத் திறந்து பாயை விரிக்கும்போது, எழுத்துக் கூட்டிப் படிக்க மூன்றாவதாக ஒரு பெயர் இருக்கும். அது பத்தமடையில் ஒரு வீட்டுத் திண்ணைக்கு வழிகாட்டும்.